பட்டமும் மேலங்கியும்

பட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நினைவு வருவது ஆடிக் காற்றில் பறக்கும் காகிதப் பட்டம். பெற்றோர்களுக்கு நினைவு வருவது சர்வகலாசாலை வழங்கும் பட்டம். இரண்டுக்கும் நூல் இன்றியமையாதது என்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். காகிதப் பட்டம் விடும் சிறுவன் நூல் அறுந்துவிடாதபடி கண்ணுங் கருத்துமாய்ப் பார்த்துக் கொள்கிறான். சர்வகலாசாலைப் பட்டம் பெற்றவர்களிலோ, அது கைக்கு வந்த மறுநாளே நூலின் தொடர்பை அறுத்துக் கொள்வோர் பலர். அந்த விஷயத்தில் சிறுவனே மேல் என்று சொல்ல வேண்டும்.

இச்சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு. மற்ற இரண்டுக்கும் அதுவே மூத்தது எனலாம். பொற்றகட்டால் செய்து நெற்றியில் கட்டும் அணிக்குப் பட்டம் என்று பெயர். அரசுரிமை எய்தியவனைப் பட்டம் கட்டிக்கொண்டான் என்றார்கள். அவன் ஏறும் யானை பட்டத்து யானை ஆயிற்று. அவன் தேவி பட்டத்தரசி ஆனாள். ஆகவே தமிழில் பட்டம் என்பது முதலில் உடம்பில் அணியும் பொருளாய் இருந்து, பிறகே பெயருக்குப் பின்னால் எழுதிக்கொள்ளும் எழுத்துக்களாய் மாறியது. பட்டம் பெறும் நாளில் எதை அணிவது என்பது அற்ப விஷயம் என்று ஒதுக்குவோர் இதைச் சற்று எண்ணிப் பார்த்தல் நலம்.

பட்டமளிப்பு வைபவம் நடைபெறும் நாளில் நம் ஊர்க் கலாசாலை வாயில்களில் காணும் காட்சியை நேயர்கள் அறிவார்கள். சித்திரை வெயில் மலைக்கோட்டைப் பாறையின்மேல் விழுந்து, அங்கிருந்து ஊரின்மேல் திரும்பி அடிக்கிறது. அந்த வெயிலில், கணுக்கால் வரை தொங்கும் கருப்பு அங்கியும், முதுகில் புரளும் வர்ணத் துணியும், தலையில் சதுரப் பலகை போன்ற குல்லாயும், அதன் ஓரத்தில் ஆடும் குஞ்சமுமாக நம் இளைஞர்களும் யுவதிகளும் வரிசையாக நிற்கிறார்கள். துணி பெரும்பாலும் பாலியெஸ்டர். காற்று உள்ளே போகாது; வியர்வை வெளியே வராது. சாயங்காலம் ஆனதும் அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஏனெனில் அது வாடகை அங்கி. எஞ்சுவது புகைப்படம் ஒன்றுதான்.

இந்த அங்கி எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவில் சர்வகலாசாலைகள் தோன்றிய காலத்தில், கற்பிப்போரும் கற்போரும் கிறிஸ்தவத் துறவியரைச் சார்ந்தவர்களாகவே எண்ணப்பட்டார்கள். ஆகவே துறவியர் அணியும் நீண்ட அங்கியையே அவர்களும் அணிந்தார்கள். கணப்பு இல்லாத கல் மண்டபத்தில் பனிக்காலத்தில் அமர்ந்து பாடம் கேட்பவனுக்கு அது வெறும் சின்னம் அன்று. உயிர் காக்கும் போர்வை. முதுகில் தொங்கும் வர்ணத் துணி அந்நாளில் தலையை மூடும் முக்காடாக இருந்தது. குளிர் விட்டதும் பின்னால் தள்ளிவிட்டார்கள். தள்ளிவிட்ட இடத்திலேயே அது தங்கிவிட்டது. பிற்காலத்தில் அதன் உட்புறத்தில் இன்ன நிறப் பட்டு தைத்திருந்தால் இன்ன துறையில் இன்ன பட்டம் என்று விதி வகுத்தார்கள். பல சர்வகலாசாலைகளில் ஊர்வலத்தின் முன்னே ஒருவர் ஏந்திச் செல்லும் அலங்காரத் தடியும் ஒரு காலத்தில் யுத்தத்தில் மண்டையைப் பிளக்கப் பயன்பட்ட ஆயுதமே. பயன் போய்ப் பகட்டு நின்றது என்பது இவ்வணிகள் எல்லாவற்றின் சரித்திரமும் ஆகும்.

1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் சர்வகலாசாலைகள் நிறுவப்பட்டன. லண்டன் சர்வகலாசாலையே அவற்றுக்கு மாதிரி. பரீட்சை முறையோடு அங்கியும் முக்காடும் கப்பலேறி வந்தன. சென்னையில் முதன்முதல் பி.ஏ. பட்டம் பெற்ற இருவரும் யாழ்ப்பாணத் தமிழர்கள்: சி. வை. தாமோதரம் பிள்ளை ஒருவர்; கறோல் விசுவநாத பிள்ளை மற்றவர். அங்கி அந்நியமானது, அதைப் பெற்றவர் செய்த வேலையோ நம் மொழிக்கு உயிர் கொடுத்த வேலை. செல்லரித்துக் கிடந்த ஏடுகளைத் தேடிக் கலித்தொகையை 1887-இல் அச்சேற்றியவர் இந்தத் தாமோதரம் பிள்ளையே. உடை அந்நியமாயின் உள்ளமும் அந்நியமாகிவிடும் என்று முடிவு கட்டுவோர்க்கு அவரே தக்க விடை.

ஆயினும் அங்கியின்மேல் நம்மவர்க்கு மனத்தாங்கல் இல்லாமல் இல்லை. 2010-ஆம் ஆண்டு ஏப்ரலில் போபால் நகரத்து வன நிர்வாகக் கழகத்தின் பட்டமளிப்பு விழாவில், அப்போது மத்திய மந்திரியாக இருந்த ஜெய்ராம் ரமேஷ் மேடையிலேயே தம் அங்கியைக் கழற்றிவிட்டார்; அந்நிய ஆட்சியின் அநாகரிக மிச்சம் இது என்பது அவருடைய வாதம். 2019-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு, இவ்வைபவங்களில் கைத்தறி ஆடையைப் பயன்படுத்துமாறு சர்வகலாசாலைகளுக்கு எழுதியது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மத்திய சுகாதார இலாகா, தன் கீழுள்ள வைத்தியக் கலாசாலைகள் கருப்பு அங்கியையும் குல்லாயையும் விடுத்து, அவ்வவ்விடத்து மரபுக்கேற்ற உடையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தது.

அந்நியம் என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் அங்கியை எறிவதானால், அதோடு எறிய வேண்டியவை இன்னும் பல. பரீட்சை அந்நியம், பட்டமளிப்பு விழா அந்நியம், இந்தப் பத்திரிகையை அச்சிடும் யந்திரமும் அந்நியமே. ஆகையால் காரணத்தைச் சற்று ஆழ்ந்து தேட வேண்டும்.

நம்முடைய பழைய வழக்கம் என்ன? சங்க காலத்துப் புரவலர்கள் பாணனுக்குப் பொற்றாமரை சூட்டினார்கள். விறலிக்குப் பொன்னணி தந்தார்கள். கந்தலைக் களைந்து புத்தாடை உடுத்தினார்கள். வணிகரில் சிறந்தவர்க்கு எட்டி என்ற பட்டமும் பொற்பூவும், படைத்தலைவர்க்கு ஏனாதி என்ற பட்டமும் மோதிரமும் வழங்கினார்கள். வடமொழி நூல்கள் சமாவர்த்தனம் என்று ஒரு சடங்கைக் கூறும். குருகுல வாசம் முடித்த மாணவன் நீராடிப் புதுவஸ்திரமும் தலைப்பாகையும் தரித்து, குடையும் பாதரட்சையும் பெற்று வீடு திரும்புவான். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குருகுலத்தின் கதவு எத்தனை பேருக்குத் திறந்திருந்தது? உழுதவன் மகனுக்கும், தோல் பதனிட்டவன் மகனுக்கும், எந்தக் குடியில் பிறந்த பெண்ணுக்கும் அங்கே இடம் இருந்ததா? மரபு என்று சொல்லும்போது இந்தக் கேள்வியையும் உடன் கேட்பதே நேர்மை.

மேனாட்டாரும் இவ்விஷயத்தில் நம்மை எள்ளி நகையாட வழியில்லை. ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை பெண்களுக்குப் பட்டமளிக்க முன்வந்தது 1920-இல். கேம்பிரிட்ஜ் 1948 வரையில் அவர்களைக் காக்க வைத்தது. அதற்கு முன்பும் பெண்கள் அங்கே படித்தார்கள், பரீட்சையில் தேறினார்கள். பட்டமும் அதற்குரிய அங்கியும் மாத்திரம் ஆடவர்க்கே. நம் கல்கத்தா சர்வகலாசாலையோ 1883-லேயே காதம்பினி, சந்திரமுகி என்னும் இரண்டு வங்க மாதர்களைப் பட்டதாரிகளாக்கிவிட்டது. இங்கிலாந்திலிருந்து கடன் வாங்கிய அங்கியை, ஆக்ஸ்போர்டுக்கு 37 ஆண்டுகள் முந்தியும் கேம்பிரிட்ஜுக்கு 65 ஆண்டுகள் முந்தியும் இந்தியப் பெண்கள் தோளில் தரித்தார்கள். 1912-ஆம் ஆண்டில் சென்னை வைத்தியக் கலாசாலையில் தேறிய முத்துலட்சுமி ரெட்டியும் அந்த வரிசையில் வந்தவரே. கடன் வாங்கிய பொருளாயினும் அதைக் கொடுத்தவரினும் பரந்த மனத்தோடு பயன்படுத்தலாம் என்பதற்கு இதைக்காட்டிலும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அங்கியில்லாமலே பட்டமளிப்பைக் கம்பீரமாக நடத்த முடியுமா என்று ஐயுறுவோர் சாந்திநிகேதனத்தை நோக்கலாம். ரவீந்திரநாத தாகூர் 1921-இல் தோற்றுவித்த விசுவபாரதியில் மாந்தோப்பின் நிழலே மண்டபம். பட்டம் பெறுவோர்க்குச் சப்தபர்ணி மரத்தின் இலையை அளிப்பது அங்கே வழக்கமாயிற்று. சப்தபர்ணி என்பது வேறன்று, நம் ஏழிலைப்பாலையே. தாவர நூலார் அதற்கு இட்ட லத்தீன் பெயரில் கல்விக்குரியது என்ற பொருள் தரும் சொல் ஒன்று உண்டு. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் பலகைகள் அம்மரத்தால் செய்யப்பட்டமையே அதற்குக் காரணம். ஒரு காசு செலவில்லாத அந்த இலையில் எவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது பாருங்கள்! 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் தேதி அந்தச் சாந்திநிகேதனத்துக்கே ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை தன் பிரதிநிதிகளை அனுப்பித் தாகூருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. வந்த பிரதிநிதிகளில் திருத்தணியிற் பிறந்த ராதாகிருஷ்ணனும் ஒருவர். அவர்கள் லத்தீனில் வாழ்த்த, தாகூர் சம்ஸ்கிருதத்தில் விடை பகர்ந்தார்.

அவ்வளவு தூரம் போவானேன்? திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில், சிறுமலையின் நிழலில், சின்னாளபட்டியை அடுத்துக் காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய தொண்டு நிலையம் அது. 1956-இல் அங்கே கிராமியக் கல்வி நிலையம் ஏற்பட்டது. 1976-இல் அது பல்கலைக்கழகத்துக்கு நிகரான தகுதி பெற்றது. அங்கே பட்டமளிப்பு விழாவுக்குரிய உடை கதர். 2022-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் தேதி நடந்த 36-ஆவது விழாவில் பிரதமர் நரேந்திர மோதி கலந்துகொண்டார். இளையராஜாவுக்கும் உமையாள்புரம் சிவராமனுக்கும் அன்று கௌரவ டாக்டர் பட்டங்கள் அளிக்கப்பட்டன.

கதருக்கும் நம் பிரதேசத்துக்கும் உள்ள தொடர்பு மிக நெருங்கியது. லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்ற ஒரு மனிதர், 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி, இங்கிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரையில், தம் மேலுடைகளை விடுத்து அரைமுழத் துண்டுக்கு இறங்கினார். ஏழைக்குக் கிடைக்காத துணி தமக்கும் வேண்டாம் என்பது அவர் கொள்கை. படித்தவனையும் படியாதவனையும் பிரித்துக்காட்டுவதற்கே மேனாட்டு அங்கி பயன்பட்டு வந்தது. அப்பிரிவைத் துடைப்பதற்கே காந்தியடிகள் உடையை மாற்றினார். காந்திகிராமத்துப் பட்டதாரி அணியும் கதர் இரண்டாவது வழியைச் சேர்ந்தது.

இவ்வளவும் படித்த நேயர்கள், ஆகவே கருப்பு அங்கியை நாளைக்கே கொளுத்திவிடலாம் என்று இக்கட்டுரையாளன் சொல்லப் போவதாக எதிர்பார்க்கலாம். பொறுங்கள். எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டாமா?

என்னிடம் பத்தாம் வகுப்பில் படித்த ஒரு பெண், சென்ற ஆண்டு பட்டம் பெற்றாள். தாயார் பூ மார்க்கெட்டில் கூலிக்குப் பூத் தொடுப்பவர். எழுத்து வாசனை இல்லாதவர். மகள் வாடகை அங்கியோடு நின்று எடுத்துக்கொண்ட புகைப்படத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். கறுப்பு அங்கியில் என்ன இருக்கிறது, நல்ல கைத்தறிப் புடைவையில் எடுத்திருக்கலாமே என்று நான் உபாத்தியாயத் தோரணையில் சொன்னேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, “புடவையில எடுத்தா கல்யாணப் படம்னு நினைச்சுக்குவாங்க, சார். இதைப் பார்த்தாத்தான் படிச்ச புள்ளைன்னு எங்க சனத்துக்குத் தெரியும்” என்றார்.

இந்த மறுமொழிக்கு முன்னால் மந்திரிமார் பிரசங்கங்களெல்லாம் எனக்கு வெளிறித் தோன்றின. பட்டச் சான்றிதழை அந்தத் தாயாரால் படிக்க முடியாது. அதில் மகள் பெயர் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. ஆனால் உடையை அவரால் படிக்க முடிகிறது. எழுத்தறியாத ஒரு தலைமுறைக்கும் எழுத்தறிந்த முதல் தலைமுறைக்கும் இடையே அந்த அங்கி ஒரு பாஷையாக இருக்கிறது. பரம்பரையாகப் பட்டம் பெற்று வரும் குடும்பத்தார் அங்கியைக் கழற்றி எறிந்தால் அது தியாகம் என்று பேர் பெறும். இப்போதுதான் முதன்முதலாக அதைத் தோளில் இட்டுக்கொண்டவளிடம் போய், “அது அடிமைச் சின்னம், கழற்று” என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அங்கி பல குறைகளை மூடுகிறது. அதற்குள் இருப்பது ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த பட்டா, அக்காளிடம் இரவல் வாங்கிய பழம் புடைவையா என்று மேடையில் யாருக்கும் தெரியாது. நாம் மரபுடை என்று சொல்லி அங்கியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சரிகை வேஷ்டியும் காஞ்சிப் பட்டும் வந்து உட்கார்ந்துகொண்டால் என்ன ஆகும்? ஏழை வீட்டுப் பிள்ளை அந்த வரிசையில் தலைகுனிந்து நிற்பான். 2014-ஆம் ஆண்டில் வேஷ்டி கட்டிவந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிளப்பில் உள்ளே விட மறுத்தார்கள். அதே ஆண்டில் நம் சட்டசபை அத்தகைய தடையை நீக்கச் சட்டம் இயற்றிற்று. மிக்க நன்று. ஆனால் வேஷ்டியைக் கண்டு கதவடைப்பது எவ்வளவு இழிவோ, மலிவான வேஷ்டியைக் கண்டு முகஞ்சுளிப்பதும் அவ்வளவு இழிவேயாம்.

இதற்கிடையே ஒரு விநோதமும் பரவி வருகிறது. பாலர் வகுப்பு முடித்த ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் பட்டமளிப்பு விழா என்ற பெயரால் அங்கியும் குல்லாயும் மாட்டி, சுருட்டிய காகிதத்தைக் கையில் கொடுத்துப் படமெடுக்கும் பள்ளிக்கூடங்கள் நம் ஊரிலும் உண்டு. குழந்தைகள் எதை அணிந்தாலும் அழகுதான், அதில் ஐயமில்லை. ஆனால் பூக்கார அம்மாள் பாஷையாகக் கொண்ட அந்த உடையை நாம் விளையாட்டுச் சாமானாக்கிவிட்டால், பிறகு அது எதைச் சொல்லும்? ‘அ’ எழுதத் தெரிந்தவர்க்கும் ஆராய்ச்சி முடித்தவர்க்கும் ஒரே அங்கி என்றால், அங்கியின் பேச்சு பொய்யாகிவிடும். அதற்கும் பெற்றோர் பணம் கட்டுகிறார்கள் என்பது தனி வருத்தம்.

ஆகவே வேண்டுவது உடையை ஒழிப்பது அன்று. நமக்குப் புரியும் உடையாக அதை ஆக்குவது. இன்றைய அங்கியின் உண்மையான குற்றம் அது அந்நியம் என்பதில் இல்லை. நம் வெயிலுக்கு அது ஒவ்வாது. அதன் முக்காட்டு நிறம் எதைக் குறிக்கிறது என்பது அணிந்தவர்க்கே பெரும்பாலும் தெரியாது. நம் ஊர்த் தறிகாரன் எவனுக்கும் அதனால் ஒரு வேளைக் கூழும் கிடைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அது பட்டதாரிக்குச் சொந்தமாவதில்லை. சாயங்காலம் கடைக்குத் திரும்பிவிடுகிறது.

சின்னாளபட்டியில் தறிகள் இருக்கின்றன. நல்ல பருத்தி நூலில், எல்லோர்க்கும் ஒரே அளவாய், ஒரே விலையாய், ஒரு மேல்வேஷ்டி நெய்யச் சொல்லலாம். முக்காட்டின் வேலையை அதன் கரை செய்யட்டும்: விஞ்ஞானத்துக்கு ஒரு நிறம், இலக்கியத்துக்கு ஒரு நிறம், வைத்தியத்துக்கு ஒரு நிறம். அதை வெள்ளைச் சட்டையின்மேலும் சாதாரணப் புடைவையின்மேலும் ஆண் பெண் இருபாலாரும் அணியலாம். உள்ளே இருப்பது எளிய உடையானாலும் மேலே இருப்பது ஒன்றேயாகும். பட்டம் வழங்கும் துணைவேந்தரும், அவ்வாடையை ஒருவர் தோளில் இட்டு மறுவர் தோளில் ஏழையென்று தயங்காதபடி, தம் கையாலேயே எல்லோர்க்கும் போர்த்தட்டும். போர்த்தியது பட்டதாரிக்கே சொந்தமாகட்டும். தமிழர் சபைகளில் ஆடை போர்த்துதல் கௌரவம் என்பதை விளக்க அகராதி வேண்டியதில்லை. பூக்கார அம்மாளுக்கும் அவர் சனத்துக்கும் அது முன்பே தெரிந்த பாஷை.

பட்டம் பெறுகிறவர்கள் சார்பாக இன்னும் ஒரு கோரிக்கை. இணைப்புக் கலாசாலைகளில் படித்தவர்களில் பெரும்பாலோர்க்குச் சர்வகலாசாலை மேடையேறும் பாக்கியம் கிடைப்பதில்லை. சான்றிதழைக் கலாசாலையிலேயே பெற்றுக்கொள்கிறார்கள். அப்படிப் பெறும் விழாக்களிலாவது முன்வரிசை நாற்காலிகளைப் பிரமுகர்களுக்கு ஒதுக்குவதை விடுத்து, தாய் தந்தையர்க்குக் கொடுக்கலாகாதா? பிரமுகர்கள் தினந்தோறும் ஒரு விழாப் பார்ப்பவர்கள். அந்தத் தாய் தந்தையர் பார்ப்பது ஆயுளில் ஒரு விழா. மூன்று வருஷச் சம்பளம் கட்டியவர்கள், வெளியே வேப்ப மரத்தடியில் நின்று ஒலிபெருக்கியில் பெயர் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்கும்படி வைப்பது எந்த மரபுக்கும் அழகன்று. மேனாட்டு மரபாயினும் சரி, நம் மரபாயினும் சரி.

இந்த யோசனைக்குச் சட்டசபைத் தீர்மானம் தேவையில்லை. லட்சக்கணக்கில் செலவும் இல்லை. ஒரு கலாசாலையின் ஆட்சிக்குழு ஒரு மாலை கூடிப் பேசினால் போதும். அடுத்த விழாவுக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. ஒரு பாவு ஓட்டி நெய்து முடிக்கத் தறிகாரனுக்கு அந்த அவகாசம் தாராளம்.